வீட்டுக்குள் விழாமல் இருக்க: முதியோர் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிப்பது என் தொழில். நான் போய்ச் சேரும்போது பெரும்பாலும் எலும்பு முறிந்து, ஆபரேஷனும் முடிந்து, கட்டிலைச் சுற்றி உறவினர் கூடியிருப்பார்கள். நடந்ததைத் தடுத்திருக்க முடியுமா என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும். வீட்டுக்கு வீடு ஒரே ஐயங்கள் எழுவதால், கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வயதானால் விழத்தான் செய்வார்கள். இதில் நாம் செய்ய என்ன இருக்கிறது?

வயது மட்டும் யாரையும் கீழே தள்ளுவதில்லை. தொடைத் தசை வலுவிழந்திருக்கும், கண்ணில் புரை வளர்ந்திருக்கும், புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்திருக்கும், குளியலறைத் தரையில் சோப்பு நீர் தேங்கியிருக்கும். இவற்றில் இரண்டோ மூன்றோ ஒரே நேரத்தில் கூடும்போதுதான் ஒருவர் விழுகிறார். அவற்றில் ஒன்றை நீக்கினால்கூடப் பல விபத்துகள் நடக்காமல் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து அடிபட்டு இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

ஆகவே ஒருவர் விழுந்தால் "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்பதற்குப் பதிலாக, எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்று கேட்டு ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். ஓர் ஆயா கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே ஒரே மாதத்தில் மூன்று முறை விழுந்திருந்தார். மூன்றும் விடியற்காலையில் நடந்தவை என்று குறிப்பைப் பார்த்த பிறகுதான் வீட்டாருக்குப் புரிந்தது. சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரையைக் காலையில் சாப்பிடாமல் அவர் இரவில் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

வீட்டில் எந்த இடத்தை முதலில் சரிசெய்ய வேண்டும்?

குளியலறையும் கழிப்பறையும்தான் முதலில். அடுத்தது கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழி. அதன் பிறகு வாசற்படி, மாடிப்படி, கொல்லைப்புறக் குழாயடி. குழாயடியில் பிடித்திருக்கும் பாசியை வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் போதும். செலவே இல்லாத இந்த வேலையைத்தான் பெரும்பாலான வீடுகளில் தள்ளிப்போடுகிறார்கள்.

கழிப்பறையில் உட்காரும் இடத்தின் பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. பிடித்தவரோடு சேர்ந்து அதுவும் கீழே வரும். எவர்சில்வர் கைப்பிடியைச் சுவரில் ஆழமாகத் துளையிட்டு, திருகாணி போட்டு முறுக்கியபின், வீட்டிலேயே எடை கூடியவர் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். தரையோடு உள்ள கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்கு, நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை அதன் மேல் நிறுத்தினாலே போதும். கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை.

வீடு முழுவதும் பாலிஷ் கிரானைட் போட்டுவிட்டோம். பெயர்த்து எடுக்க வேண்டுமா?

நம் பக்கத்து வீடுகளுக்கே உரிய கேள்வி இது. கிருஷ்ணகிரிச் சுற்றுவட்டாரத்தில் வெட்டியெடுக்கும் கல் உலகமெங்கும் போகிறது. இங்கே அது மலிவாகக் கிடைப்பதால் கூடம், படி, குளியலறை என்று வேறுபாடில்லாமல் எல்லா இடத்திலும் கண்ணாடி போலப் பளபளக்கப் பதித்துவிடுகிறோம். காய்ந்திருக்கும்வரை அந்தத் தரையால் தொல்லை அதிகமில்லை. ஒரு குவளைத் தண்ணீரோ இரண்டு சொட்டு எண்ணெயோ சிந்தினால் அதே தரையில் இளைஞர்களும் நிலைதடுமாறுவார்கள்.

கூடத்தில் உள்ள கல்லை அப்படியே விட்டுவிடலாம். ஈரம் பட்டவுடன் துடைக்கும் பழக்கம் இருந்தால் போதும். குளியலறையில் மட்டும் பாலிஷ் கல்லின் மேல் சொரசொரப்பான தரை ஓடு பதிப்பதே நிலையான தீர்வு. அதுவரை, அடியில் உறிஞ்சு குமிழ்கள் உள்ள ரப்பர் விரிப்பைப் போடலாம். ஆனால் அதை இரண்டு நாளைக்கு ஒருமுறை தூக்கித் தேய்க்காவிட்டால் அடியில் சோப்புப் படலம் சேர்ந்து விரிப்பே வழுக்கும். வாசலில் கனமான கல் படி இருந்தால் கல் தச்சரை அழைத்து, அம்மி கொத்துவதுபோல மேற்பரப்பைக் கொத்திவிடச் சொல்லுங்கள். உள்ளே பதித்த மெல்லிய பலகைக் கல்லை அப்படிக் கொத்தக் கூடாது, விரிசல் விடும். கறுப்புக் கல் படிகளில் ஒரு படி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது புரை விழுந்த கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுங்கள். அழகு கெட்டுவிடும் என்று மறுக்கும் வீடுகள் உண்டு. அவர்களோடு நான் வாதாடத்தான் செய்கிறேன்.

எண்ணெய்க் குளியல் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தலைக்கு மட்டும் வைத்தாலும் எண்ணெய் வழிந்து உள்ளங்காலுக்கு வந்துவிடும். முதியவரை முக்காலியில் உட்காரவைத்து, காலை முதலில் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு, அதன் பிறகு குளிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அப்பா இரவில் மூன்று முறை எழுந்து போகிறார். என்ன செய்வது?

முதலில் மூன்று முறை எழுவது எதனால் என்று பாருங்கள். கட்டுப்படாத சர்க்கரை, புராஸ்டேட் வீக்கம், மாலையில் சாப்பிடும் நீர் மாத்திரை ஆகிய மூன்றும் வழக்கமான காரணங்கள்; மூன்றுக்கும் மருத்துவம் உண்டு. காரணத்தைச் சரிசெய்யும்வரை கட்டிலருகே சிறுநீர்க் குடுவை ஒன்றை வைத்துவிட்டால் இரவுப் பயணம் பெரும்பாலும் தேவைப்படாது. அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

போயே ஆகவேண்டுமென்றால் வழியெங்கும் வெளிச்சம் வேண்டும். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்குப் போதுமான விளக்கு அவருக்குப் போதாது. ஆள் வந்தால் தானாக எரியும் எல்.இ.டி. விளக்கைப் பின்கதவில் பொருத்தலாம். வழியில் ஆட்டுக் கயிறு, தண்ணீர்க் குழாய், விறகு எதுவும் கிடக்கக் கூடாது. கொல்லைப்புறத்தில் கட்டுவிரியனும் தேளும் இரவில்தான் வெளியே வரும் என்பதால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம். அந்தச் செருப்பு பின்பக்கம் வார் உள்ளதாக இருக்க வேண்டும். தேய்ந்துபோன ஹவாய் செருப்பு வழுக்குவதற்கென்றே செய்தது போன்றது.

அம்மா எழுந்து நின்றவுடன் தலை சுற்றுகிறது என்கிறார். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுக்கிறோம். சரிதானா?

எலுமிச்சைச் சாற்றால் கெடுதல் இல்லை. ஆனால் காரணம் பெரும்பாலும் பித்தம் அல்ல. படுத்திருந்தவர் எழும்போது இரத்தம் காலுக்கு இறங்குகிறது. இளம் உடலில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தை உடனே ஈடுகட்டிவிடும், முதுமையில் அது தாமதமாகும். படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒருமுறையும் அழுத்தத்தை அளந்து, மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவை இந்த இறக்கத்தைக் கூட்டக்கூடும். சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை தாழ்ந்தும் தலை சுற்றும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எல்லா அட்டைகளையும், நாட்டு மருந்து டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவர் முன்னால் கொட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதன் பணியாளர் அழுத்த மாத்திரையோடு உங்கள் வீட்டுக்கு வந்தால், நின்ற நிலையிலும் ஒருமுறை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது எளிது: எழுந்ததும் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைத்து, பிடித்துக்கொண்டு எழ வேண்டும்.

அப்பாவுக்குக் கழுத்தும் முதுகும் மரக்கட்டை போல இருக்கின்றன. வயது என்று விட்டுவிடலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கேள்விக்கு வயதை மட்டும் பதிலாகச் சொல்ல முடியாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்த ஊர்கள் இங்கே பல. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர வரம்பு. அதைத் தாண்டிய நீரைப் பல பத்தாண்டுகள் குடித்தவர்களுக்குப் பல் காவி படிவதோடு நிற்பதில்லை. எலும்பைச் சுற்றியுள்ள தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து முதுகும் கழுத்தும் மடங்காமல் விறைக்கின்றன. எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தியாகத் தெரிந்தாலும் அது உறுதியான எலும்பு அல்ல, எளிதில் முறியக்கூடியது.

இப்படிப்பட்டவரால் கழுத்தைக் குனிந்து தன் காலடியைப் பார்க்க முடியாது. நான்கு விரல் உயர நிலைப்படிகூட அவருக்குக் கண்ணுக்குத் தெரியாத தடைதான். தடுக்கினால் உடலை வளைத்துச் சமாளிக்கவும் முடியாது. ஆகவே அவர் நடமாடும் அறைகளின் நிலைப்படிகளில் இருபுறமும் சிமென்ட் சரிவு போட்டுவிடுங்கள். நீரைக் காய்ச்சினால் புளோரைடு போகாது, நீர் சுண்டுவதால் செறிவு கூடவே செய்யும். 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே இந்தப் பாதிப்பைக் குறைப்பதுதான். குழாயில் அந்த நீர் வரும் ஊர்களிலும் சில பெரியவர்கள் "போர் தண்ணிதான் ருசி" என்று பழைய நீரையே குடிக்கிறார்கள். களி கிண்டவும் அதையே ஊற்றுகிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் அந்தக் காவிரி ஆற்று நீரையே பயன்படுத்த வேண்டும்.

கைத்தடி வாங்கிக் கொடுத்தோம். கிழவன் ஆகிவிட்டேனா என்று மூலையில் வைத்துவிட்டார்.

நாம் வாங்கி வந்து கையில் திணித்த தடியை அவர் வேண்டாம் என்பதில் வியப்பில்லை. கடைக்கு அவரையே அழைத்துப் போய்த் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆடு மேய்த்தவர்களுக்குத் தடி ஒன்றும் புதிதல்ல. மூங்கில் தடிதான் வேண்டும் என்றால் அதுவே இருக்கட்டும், அடியில் ரப்பர் பூண் மட்டும் மாட்டிவிடுங்கள். செருப்பு அணிந்து கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் மேல்முனை மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும்.

வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் தடியைப் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் இதைத் தவறாகச் செய்கிறார்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலியுள்ள காலும் தடியும் முதலில்.

விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் மாமியாரை ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்காரவைத்திருக்கிறோம். நல்லதுதானே?

நல்ல எண்ணத்தில் செய்யும் தீங்கு இது. உட்கார்ந்தே இருக்கும் முதியவரின் தொடைத் தசை வாரக்கணக்கில் கரைகிறது. பிறகு கழிப்பறைக்கு எழும் அந்தச் சில அடிகளில்தான் அவர் விழுகிறார். வாழ்நாளெல்லாம் களை பறித்து, மாடு கறந்து பழகிய உடம்பைத் தொலைக்காட்சி முன்னால் நிறுத்தி வைத்துவிட்டு, "பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. அவர் செய்யும் வேலையைத் தடுக்காதீர்கள், அதைச் செய்யும் இடத்தை மாற்றுங்கள். பரணில் இருக்கும் புளிப்பானையை இடுப்புயர அலமாரிக்கு இறக்குங்கள்; கீரை ஆய்வதைத் தரையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுங்கள்; வாசல் தெளிக்கக் கனமான வாளிக்குப் பதில் சிறிய சொம்பைக் கொடுங்கள்.

இதோடு நாள்தோறும் பத்து நிமிடப் பயிற்சி வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருதல், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், ஒரு காலுக்கு நேர் முன்னால் மற்றொரு காலை வைத்துப் பத்து எண்ணும்வரை நிற்றல் ஆகிய மூன்றும் போதும். இத்தகைய சமநிலைப் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்தால் விழும் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் தெரியவந்தது. முதல் இரண்டு வாரம் யாராவது அருகில் நிற்க வேண்டும்.

சமையலறையில் என்ன கவனிக்க வேண்டும்?

சூடான களிப்பானையைக் காலால் அணைத்துத் துடுப்புப் போட்டுக் கிண்டும் வழக்கத்தை 70 வயதைத் தாண்டியவர்கள் விட்டுவிட வேண்டும். தெறிக்கும் களி தோலில் ஒட்டிக்கொள்வதால் புண் ஆழமாகும். அடுப்பருகே நைலக்ஸ் புடவையும் தொங்கும் முந்தானையும் வேண்டாம். குளிக்க வெந்நீர் கலக்கும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். சர்க்கரை நோயாளிக்குக் காலில் சூடு உறைக்காது என்பதால் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். தீப்புண்ணுக்குக் குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, பேனா மை, ஐஸ் எதையும் வைக்காதீர்கள்.

முதுமையில் மோப்பம் குறைவதால் காஸ் கசிவதை அவர்கள் உணராமல் போகலாம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கசிந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும். பூச்சிமருந்தும் மண்ணெண்ணெயும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கப்படவே கூடாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் பாட்டிலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பக்கவாதம் வந்த தாத்தாவுக்குக் களி தொண்டையில் சிக்குகிறது. நிறுத்திவிடலாமா?

களியை மெல்லாமல் விழுங்குவதுதான் நம் வழக்கம். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அது ஆபத்து. தண்ணீர் குடித்தாலே இருமினால் முதலில் மருத்துவர் பார்க்கட்டும். பொதுவாக, நிமிர்ந்து உட்காரவைத்து, உணவைக் குழையச் செய்து, சிறு வாயாகக் கொடுக்க வேண்டும். படுத்தபடி எதையும் ஊட்டாதீர்கள். அடைத்துக்கொண்டால், இரும முடிகிறவரை அவரே இருமட்டும். குரலே எழாவிட்டால் முன்னால் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை ஓங்கித் தட்டி, அடைப்பு நீங்காவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்புறமாக ஐந்து முறை அழுத்தி, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

தளி பக்கம் மார்கழிக் குளிர் தாங்க முடியாது. அவ்வாவின் (பாட்டியின்) அறையில் கரிக் கணப்பு வைக்கலாமா?

மூடிய அறையில் வைக்கவே கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சன்னல் இல்லாத குளியலறையில் பொருத்திய காஸ் கீசருக்கும் இது பொருந்தும். கம்பளியும் காலுறையும் போதும், ஆனால் வழவழப்பான தரையில் காலுறையோடு நடக்க விடாதீர்கள்.

விழுந்துவிட்டால் உடனே தூக்கி உட்காரவைக்கலாமா?

பதறித் தூக்குவதால் இரட்டைக் கேடு வருகிறது. முதலில் பேச்சுக் கொடுங்கள். கழுத்து, இடுப்பு, தொடை வலிக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகுதி. அசைக்காமல் போர்வை போர்த்தி 108-க்கு அழையுங்கள். வலி இல்லையென்றால், அவரே ஒருக்களித்து, மண்டியிட்டு, முன்னால் வைத்த நாற்காலியைப் பிடித்து எழட்டும். கக்கத்தில் கைகொடுத்து இழுக்காதீர்கள்.

இடுப்பெலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டாலே கூடிவிடும் என்கிறார்கள். 85 வயதில் ஆபரேஷன் தாங்குமா?

கை முறிவுக்கும் இடுப்பெலும்பு முறிவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தொடையெலும்பின் கழுத்துப் பகுதி உடலுக்குள் ஆழத்தில் இருப்பதால் வெளியே போடும் எந்தக் கட்டும் அதை அசையாமல் பிடிக்காது. கட்டோடு மூன்று மாதம் படுத்தவருக்குப் படுக்கைப் புண், நுரையீரல் சளி, காலில் இரத்தக் கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். அதனால்தான் முதிய வயதிலும் இயன்றால் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து, மறுநாளே நிற்கவைக்க மருத்துவர்கள் முயல்கிறார்கள். இதயமோ சிறுநீரகமோ மிகவும் தளர்ந்திருந்தால் முடிவு மாறலாம். அதை மயக்க மருந்து நிபுணர்தான் சொல்ல வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று: முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் சிலர் நொண்டியபடி நடக்கவும் செய்வார்கள். நடக்கிறாரே என்று விட்டுவிடாமல், கவட்டைப் பகுதியில் வலி நீடித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தலையில் லேசாகத்தான் அடிபட்டது, வாந்தியும் இல்லை. ஸ்கேன் தேவையா?

இதய நோய்க்கோ பக்கவாதத்துக்கோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் பற்றி முடிவெடுக்க வேண்டும். மற்றவர்களையும் சில வாரங்கள் கவனிக்க வேண்டும். முதுமையில் மூளை சற்றே சுருங்குவதால் அதன் உறையில் கசியும் இரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து, மூன்று வாரமோ அதற்கும் மேலோ கழித்து நடைத் தள்ளாட்டம், தலைவலி, பேச்சுக் குழப்பம் என்று வெளிப்படும். அதற்குள் எல்லாரும் அடிபட்டதையே மறந்திருப்பார்கள், "மறதி நோய் வந்துவிட்டது" என்று நினைப்பார்கள். முதல் கேள்வியில் சொன்ன காகிதக் குறிப்பு இங்கே மீண்டும் பயன்படும்.

நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம், பெற்றோர் காரிமங்கலம் பக்கம் தனியாக இருக்கிறார்கள். கேமரா போதுமா?

விழுந்ததைக் கேமரா காட்டும், விழாமல் தடுக்காது. அந்தச் செலவில் முதலில் கைப்பிடிக் கம்பியும் விளக்கும் போடுங்கள். பொத்தான் உள்ள சிறிய கைப்பேசியைக் கழுத்தில் மாட்டித் தரலாம். மேசைமேல் உள்ள கைப்பேசி தரையில் கிடப்பவருக்கு எட்டாது. பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். காலையில் வாசல் தெளிக்கவில்லையென்றால் போய்ப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்லிவையுங்கள். மணிக்கணக்கில் தரையில் கிடப்பதாலேயே தசை நசுங்கிச் சிறுநீரகம் கெடும். முதியோருக்கான உதவி எண் 14567.

அம்மா விழுவதை எங்களிடம் மறைக்கிறார். முழங்கையில் காயத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. எப்படிக் கேட்பது?

மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது: சொன்னால் திட்டுவார்கள், கொல்லைக்குப் போகவிட மாட்டார்கள், மகன் வீட்டுக்கு மூட்டை கட்டச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். மாமியாரை உட்காரவைத்த வீட்டைப் பற்றி மேலே எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். "விழுந்தாயா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். "இந்தப் படியில் எனக்கே கால் வழுக்குகிறது, உனக்கு எப்படியம்மா?" என்று கேட்டுப் பாருங்கள், எந்தப் படி, எந்த நேரம் என்று அவரே சொல்லத் தொடங்குவார். சொன்ன அன்றைக்கே அந்தப் படியைச் சரிசெய்துவிடுங்கள், அடுத்த முறை அவராகவே உங்களை அழைத்துச் சொல்வார்.